அருவியைக் காண வந்தவர்கள்

குற்றாலத்துக்கு நீங்கள் வந்திருக்கலாம். வராவிட்டாலும் வந்தவர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தென்காசியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் பேருந்துப் பயணம். இறங்கியதும் காதில் விழும் அருவியின் இரைச்சல், தோளில் துண்டுடன் ஒரு நீண்ட வரிசை, பத்து நிமிடக் குளியல். பிறகு ஈரத் தலையுடன் ஒரு தட்டு சூடான பஜ்ஜி. பழக்கடையில் மங்குஸ்தான் விலை விசாரித்து, பாதி விலைக்குக் கேட்டு, வாங்காமல் நகர்தல். மாலைப் பேருந்தில் ஊர் திரும்பியதும், “குற்றாலத்தைப் பார்த்துவிட்டு வந்தோம்” என்கிறோம்.

உண்மையில் நாம் பார்த்தது என்ன? விழுகின்ற நீரைப் பார்த்தோம். அந்த நீரை அனுப்பி வைத்த மலையைப் பார்த்தோமா? பருவ காலத்தில் அது பெரும்பாலும் முகிலுக்குள் மறைந்தே நிற்கும்.

இப்படிச் சில மணி நேரத்தில் ஓர் ஊரைப் பார்த்து முடிக்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவின் வடமேற்கு ஓரத்தில் நார்வே நாடு இருக்கிறது. அதன் கடற்கரையில், செங்குத்தான மலைகளுக்கு இடையே கடல் நெடுந்தொலைவு உள்நாட்டுக்குள் புகுந்து கிடக்கும். இத்தகைய கடல் இடுக்குகளை அந்நாட்டார் ‘ஃபியோர்டு’ என்று அழைக்கின்றனர். சுமார் 15 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் ஃபியோர்டின் கோடியில் கெய்ராங்கர் என்னும் சிற்றூர் உள்ளது. ஆண்டு முழுவதும் அங்கே குடியிருப்போர் ஏறக்குறைய 250 பேர்தாம். ஆனால் கோடை வந்தால், நம் ஊர்க் கோபுரத்தைக் காட்டிலும் உயரமாகத் தோன்றும் உல்லாசக் கப்பல்கள் அந்த இடுக்குக்குள் நுழைகின்றன. ஒரே கப்பலில் இரண்டாயிரம், மூவாயிரம் பேர்கூட வருவதுண்டு. வழியில் ‘ஏழு சகோதரிகள்’ என்னும் அருவியைக் காண்கிறார்கள்; கரையிறங்கி ஒரு மலைச்சாலையில் போய் வருகிறார்கள்; மாலையில் சங்கு ஊதிக் கப்பல் புறப்பட்டுவிடுகிறது. பஜ்ஜிக்குப் பதிலாக அங்கே வேறு ஏதாவது தின்பார்கள். மற்றபடி நம் ஞாயிற்றுக்கிழமைக்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை.

இந்த இரண்டு ஊர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நமக்குச் சில செய்திகள் புலப்படும்.

பனி செதுக்கியதும் மழை செதுக்கியதும்

ஃபியோர்டுகளை உருவாக்கியவை பனியாறுகள். பனியூழிக் காலத்தில் நார்வேயை மூடியிருந்த பனிக்கட்டி, தன் எடையாலும் நகர்வாலும் பள்ளத்தாக்குகளை ஆழமாகக் குடைந்தது. பெரிய பனியாறு பெரிய பள்ளத்தைக் குடைந்தது. பக்கவாட்டில் வந்து சேர்ந்த சிறிய பனியாறுகளால் அவ்வளவு ஆழமாகக் குடைய முடியவில்லை. பனி உருகியபின் பெரிய பள்ளத்துக்குள் கடல் புகுந்தது. சிறிய பள்ளத்தாக்குகளோ உயரத்திலேயே தொங்கி நின்றன. அவற்றிலிருந்து வழியும் நீர்தான் ஏழு சகோதரிகள் போன்ற அருவிகளாக நூற்றுக்கணக்கான மீட்டர் வீழ்கிறது. நார்வேயின் மிக ஆழமான ஃபியோர்டில் கடலின் ஆழம் 1300 மீட்டருக்கும் மேல் என்றால், பனிக்கட்டி எத்தகைய உளி என்பதை எண்ணிப் பாருங்கள்.

குற்றால மலையைப் பனியாறு தொட்டதில்லை. இங்கே உளி, மழைநீர். மிகப் பழமையான கடும்பாறையின் மேல் சிற்றாறு தேனருவியாகவும் செண்பகாதேவி அருவியாகவும் படிப்படியாக இறங்கி வந்து, ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து பேரருவியாக விழுகிறது. பாதி வழியில் ‘பொங்குமாகடல்’ என்னும் பாறைக் குழி அந்த வீழ்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது. நீர் அதில் விழுந்து, பொங்கி, பிறகே கீழே இறங்குகிறது. இந்தக் குழி இல்லையெனில் 60 மீட்டர் தடையின்றி விழும் பொருள் நொடிக்கு 34 மீட்டர், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகம் பெறும். (காற்றுத் தடையை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை.) அருவியில் நம்மைக் குளிக்கவிடுவது பொங்குமாகடல்தான் என்றால் மிகையாகாது.

அருவிக்குக் காரணம் பாறை. சாரலுக்குக் காரணம் கணவாய். குற்றாலம் கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கும் ஊர். ஊட்டியைப் போல் உயரத்தால் குளிர்ந்த ஊர் அன்று. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழும்போது விரிந்து குளிர்கிறது. கொண்டுவந்த நீராவியைக் கேரளத்தின் பக்கமே மழையாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும்போது அமுக்கப்பட்டு, ஒவ்வொரு கிலோமீட்டர் இறக்கத்துக்கும் சுமார் 10 பாகை செல்சியஸ் சூடேறி, வறண்ட காற்றாக வருகிறது. ஆடி மாதத்தில் தமிழகத்தின் பெரும்பகுதி காய்ந்து கிடப்பதற்குக் காரணம் இதுவே. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடர் தாழ்ந்து ஒரு வாயில் திறந்திருக்கிறது. தெற்கே அகத்தியர் மலை 1868 மீட்டர்; இந்தக் கணவாயோ சில நூறு மீட்டர்தான். இவ்வழியே வரும் காற்று அதிகம் ஏறவேண்டியதில்லை. ஆகவே ஈரத்தை முழுதும் இழப்பதில்லை. மிஞ்சிய ஈரந்தான் நம் முகத்தில் படும் சாரல். குறுகிய வாயிலில் புகுவதால் காற்றின் வேகமும் கூடுகிறது. சுரண்டை வட்டாரத்துக் காற்றாலைகளுக்கும், தென்காசிக் கோபுர வாயிலில் நம் மேல்துண்டைப் பறிக்கும் காற்றுக்கும் தாய் ஒன்றே.

வந்தவர்களின் வரிசை

இந்த ஊருக்கு முதலில் வந்தவர்கள் அடியார்கள். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் குற்றாலத்தையும் குறும்பலாவையும் பாடியிருக்கிறார். 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் தென்காசியில் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பினான். நடந்தும் வண்டி கட்டியும் வந்தவர்கள் அன்றே திரும்பிவிட முடியாது, தங்கித்தான் ஆகவேண்டும். 18-ஆம் நூற்றாண்டில், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே உள்ள மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். அதில் மலையை விரித்துரைப்பவள் மலையிலேயே வாழும் குறத்தி. அருவியின் அடியில் நின்றவர் சொல்லக்கூடிய வருணனை அன்று அது. மேலே ஏறியவர்க்கே அது கைவரும்.

அடுத்து வந்தவர்கள் வணிகர்கள். 1796-இல் ஆங்கிலேயர் டச்சுக்காரரிடமிருந்து மொலுக்காஸ் தீவுகளைக் கைப்பற்றினர். சாதிக்காயும் கிராம்பும் நெடுங்காலம் அத்தீவுகளின் தனியுரிமைச் செல்வமாக இருந்தவை. அவற்றை வேறிடங்களில் பயிராக்க முயன்ற கிழக்கிந்தியக் கம்பெனி, மழையும் நிழலும் வெம்மையும் ஒருசேர வாய்த்த குற்றாலத்தைத் தேர்ந்து வாசனைப் பயிர்த் தோட்டம் அமைத்தது. இன்று நீங்கள் பழக்கடைகளில் காணும் மங்குஸ்தானும் மலேயத் தீவுகளின் பக்கமிருந்து வந்து இம்மண்ணில் நிலைத்த மரமே. அதன் விலையைப் பேசும்போது இந்த நீண்ட கடற்பயணத்தையும் சற்று நினைத்துக்கொள்ளலாம்.

1830-களில் ராபர்ட் ஒயிட் என்னும் மருத்துவர் வந்தார். கம்பெனியின் மருத்துவராயினும் அவர் நெஞ்சம் தாவரங்களில் இருந்தது. குற்றால மலையின் செடிகொடிகளைச் சேகரித்து ஆராய்ந்து எழுதினார். தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட பெருநூலில் 2000-க்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. படங்கள் பலவற்றை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள். தாவரவியல் பாடத்தில் ஒயிட்டின் பெயரைப் படிக்கும் நம் மாணவர்கள் இவ்விருவர் பெயரையும் அறிந்திருப்பது நியாயம்.

திருநெல்வேலியிலும் திருவிதாங்கூரிலும் இருந்த வெள்ளையர்கள் பருவந்தோறும் வந்து பங்களாக்களில் வாரக்கணக்கில் தங்கினர். திருவிதாங்கூர் மன்னருக்கும் இங்கே ஓர் அரண்மனை உண்டு. 1904-இல் கொல்லத்திலிருந்து மலையைக் குடைந்து செங்கோட்டைக்கு ரயில் வந்தது. மலை தாண்டும் பயணம் மணிக்கணக்காகச் சுருங்கியது. பிறகு பேருந்து, பிறகு கார். வருவோர் தொகை பெருகப் பெருக, தங்கும் காலம் சுருங்கிற்று. மாதம் வாரமாகி, வாரம் நாளாகி, இன்று இரண்டு மணி நேரத்தில் வந்து நிற்கிறது.

கெய்ராங்கரின் கதையும் இப்படித்தான். முதல் சுற்றுலாக் கப்பல் அங்கே வந்தது 1869-இல். ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்லியம் 1889 முதல் 1914 வரை ஏறத்தாழ ஒவ்வொரு கோடையிலும் தம் கப்பலில் நார்வேயின் ஃபியோர்டுகளுக்கு வந்தார். பேரரசர் போன வழியில் செல்வரும், செல்வர் போன வழியில் மற்றவரும் போயினர். 2005-இல் யுனெஸ்கோ அந்த ஃபியோர்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கப்பல்களின் புகை இடுக்குக்குள் தேங்கி நின்றதால், பாரம்பரிய ஃபியோர்டுகளுக்குள் புகையற்ற கப்பல்களே வரவேண்டும் என 2018-இல் நார்வே நாடாளுமன்றம் முடிவு செய்தது. நம் அருவிகளில் சோப்புக்கும் ஷாம்பூவுக்கும் எண்ணெய்க்கும் விதித்த தடையும் இந்த வகையைச் சேர்ந்ததே. தடைப் பலகையின் கீழேயே ஷாம்பூ உறைகள் கிடப்பதை நான் கண்டிருக்கிறேன் என்பது வேறு கதை.

அருவியைக் காண வந்தவர்களுள் இயற்பியலார்க்குப் பிடித்தமான ஒருவர் ஜேம்ஸ் ஜூல். 1847-இல் தேனிலவுக்காக ஆல்ப்ஸ் மலைக்குப் போனவர், கையில் வெப்பமானியுடன் அருவி தேடினாராம்! வில்லியம் தாம்சன் பின்னாளில் இதை நினைவுகூர்ந்தார். விழும் நீரின் ஆற்றல் வெப்பமாக மாறவேண்டும் என்பது ஜூலின் கொள்கை. பேரருவிக்குக் கணக்கிட்டால், 60 மீட்டருக்கு வெப்பநிலை சுமார் 0.14 பாகைதான் உயரும். நீர் திவலையாகச் சிதறிக் காற்றில் ஆவியாவதால் ஜூலுக்கு அளவீடு கைகூடவில்லை. நானும் ஒருமுறை மாணவர்களுடன் முயன்று, வெப்பமானியை உடைத்ததோடு திரும்பினேன்.

மேலே நடப்பது

1934 ஏப்ரல் 7 அன்று, கெய்ராங்கருக்கு அருகே டாஃபியோர்டு என்னும் கடல் இடுக்கில் மலைச்சரிவு ஒன்று பெயர்ந்து நீரில் விழுந்தது. எழுந்த அலை கரையோரச் சிற்றூர்களை அடித்துச் சென்றது. 40 பேர் மாண்டனர். திறந்த கடலில் பரவித் தணியும் அலை, குறுகிய இடுக்கில் பரவ இடமின்றி உயர்ந்துவிடும். இன்று அதே பகுதியில் ஆக்கர்னெசெட் என்னும் மலைமுகத்தில் ஒரு பெரும் வெடிப்பு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் விரிந்து வருகிறது. கருவிகள் பொருத்தி, அறிஞர்கள் அதை இரவும் பகலும் கண்காணிக்கின்றனர். கப்பலிலிருந்து இறங்கிப் படமெடுக்கும் பயணிகளில் இதை அறிந்தவர் எத்தனை பேரோ!

நம் மலை பெயர்ந்து விழவில்லை. நம் இடர் நீர். 2024 மே 17 அன்று, பருவம் தொடங்கும் முன்னரே, கோடைமழையில் பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினர். 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். எங்கள் வகுப்புகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் அவனுக்கும் ஓரிரு வயதுதான் வேறுபாடு.

வெள்ளம் ‘திடீரென’ வந்தது என்கிறோம். கீழே நிற்பவருக்கே அது திடீர். மேலே அது முன்பே தொடங்கிவிட்டது. பேரருவியை எடுத்துக்கொள்வோம். தேனருவி அதற்குச் சுமார் 5 கிலோமீட்டர் மேலே உள்ளது. செங்குத்தான பாறைப் படுகையில் வெள்ளம் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வருவதாகக் கொண்டால் 1700 நொடிகள், அதாவது அரைமணிக்கும் குறைவு. பாறை நீரை உறிஞ்சாது. மழை பெய்த அளவு அப்படியே இறங்கும். பருவகாலச் சாரல் மணிக்கணக்கில் மெல்லத் தூவுவதால் அருவி படிப்படியாகப் பெருகும். கோடை இடிமுகிலோ ஒரே இடத்தில் சிறிது நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். அப்போது ஊரில் வெயில்கூட அடித்துக்கொண்டிருக்கலாம்.

மாதக்கணக்கில் தங்கியவர்க்கு மலையின் முகக்குறி பழகியிருக்கும். இரண்டு மணி நேரம் நிற்பவருக்கு அது பழகுவதெப்படி? ஆயினும் வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் ஒன்று செய்யலாம். நீரின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளை நுரை செம்மண் நிறம் கொண்டாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், இரைச்சலின் தொனி கனத்தாலும் மேலே எங்கோ மழை பெய்திருக்கிறது. காவலரின் விசிலுக்குக் காத்திராமல் படியேறிவிடுங்கள். துண்டும் செருப்பும் கிடந்தால் கிடக்கட்டும்.