மானிட்டருக்கும் ஒரு மெய்க்கீர்த்தி உண்டு

வீரபாண்டியில் சித்தப்பா டிடிபி கடை வைத்திருக்கிறார். சித்திரையில் கௌமாரியம்மன் கோயில் திருவிழா எட்டு நாள் நடக்கும். அதற்கு முந்தைய இரண்டு வாரம்தான் அவருக்கு அறுவடைக் காலம். அன்னதான நோட்டீஸ், வரவேற்பு பேனர் என்று ராத்திரி பகலாக வேலை ஓடும். சில வருடங்களுக்கு முன் சரியாக அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. தேனியிலிருந்து ஒரு தம்பி வந்து எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றி, ரேமையும் கூட்டிப் போட்டுவிட்டுப் போனார். அப்போது சித்தப்பா கடையில் இல்லை. மறுநாள் காலையில்தான் உட்கார்ந்து பார்த்தார்.

மெஷின் நன்றாக ஓடியது. படம்தான் சரியில்லை. எழுத்தெல்லாம் உப்பிக்கிடந்தது, வட்டம் வரைந்தால் முட்டை வந்தது. 1600 × 900 காட்டவேண்டிய திரை 1024 × 768-க்கு மேல் ஏறமாட்டேன் என்றது.

"அந்தப் பய கார்டைக் கெடுத்துட்டான்ப்பா. நயா பைசா குடுக்க மாட்டேன்" என்றார் சித்தப்பா. லீவுக்குப் போயிருந்த நானும் "இருக்கும் சித்தப்பா" என்று தலையாட்டிவிட்டேன். பிஇ படித்தவன் தலையாட்டினால் எங்கள் ஊரில் அது தீர்ப்பு மாதிரி.

மத்தியானம் டிவைஸ் மேனேஜரைத் திறந்தபோதுதான் உறைத்தது. மானிட்டர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'ஜெனரிக் நான்-பிஎன்பி மானிட்டர்' என்று இருந்தது. அதாவது, எதிரே இருக்கும் திரை யாரென்றே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அது ஒரு சின்ன அளவைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

கம்ப்யூட்டருக்குத் திரையை யார் அறிமுகம் செய்வது? இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் வரலாறு இருக்கிறது. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வந்தபோது அந்த வேலை மனுஷனுடையது. மதர்போர்டில் குட்டிக் குட்டி ஸ்விட்சுகள் வரிசையாக இருக்கும். அதில் 5, 6 இரண்டையும் எப்படித் தள்ளி வைக்கிறோமோ, அதை வைத்து கறுப்பு வெள்ளையா கலரா என்று மெஷின் புரிந்துகொள்ளும். கார்டை மாற்றிவிட்டு ஸ்விட்சை மறந்தால் தகராறுதான். இரண்டு வகைத் திரைக்கும் சிக்னல் வேகமே வேறு: ஒன்றுக்கு நொடிக்கு சுமார் 18,400 வரி, மற்றதற்கு சுமார் 15,700. தப்பான சிக்னல் போனால் அந்தக் காலத்து மானிட்டர் கெட்டே போகலாம்.

1987 ஏப்ரலில் பிஎஸ்/2 வரிசையோடு ஐபிஎம் விஜிஏவைக் கொண்டுவந்தது. நீல மூக்கோடு நமக்கெல்லாம் பழக்கமான அந்த 15 பின் வயர் அப்போது வந்ததுதான் (நீலம் பிற்பாடு சேர்ந்தது). அதில் சில பின்களை கிரவுண்டோடு சேர்த்திருப்பதை வைத்து 'நான் கலர்', 'நான் மோனோ' என்று மானிட்டரே சொல்லிக்கொண்டது. பேச்சு அவ்வளவுதான். கையெழுத்துப் போடத் தெரியாதவர் கைநாட்டு வைப்பது போல.

1994-இல் வீசா என்ற தர நிர்ணய அமைப்பு (பாஸ்போர்ட் விசா இல்லை!) டிடிசி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. மானிட்டருக்குள் ஒரு சின்ன சிப்பில் 128 பைட் தகவல் இருக்கும். அதற்கு இடிஐடி என்று பெயர். கம்ப்யூட்டர் அதே வயர் வழியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். பின்னர் நிலைத்த முறையில் இதற்கு ஒதுக்கியவை 12, 15 ஆகிய பின்கள்.

இவ்வளவையும் யோசித்துக்கொண்டே வயரைக் கழற்றிப் பார்த்தேன். மூன்று இடம் காலி: 9, 12, 15. அதில் 9 காலியாக இருப்பது பெரிய விஷயமில்லை, 1987-இல் ஐபிஎம்மே அதைக் காலியாகத்தான் விட்டிருந்தது. மற்ற இரண்டும் இல்லையென்றால் படத்துக்கான சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் போய்ச்சேரும், பேச்சு போகாது.

அந்த வயர் யாருடையது? என்னுடையது. தம்பி போன அன்று சாயங்காலம் சிபியூவை மேசையின் மறுபக்கம் நகர்த்தினோம். பழைய வயர் எட்டவில்லை. சென்னையிலிருந்து பையோடு வந்த நீள வயரை எடுத்து நான்தான் மாட்டினேன்.

சிபியூவை இழுத்துப் பழைய வயரை மாட்டியதும் 1600 × 900 தானாக வந்தது. வட்டமும் வட்டமாக வந்தது. பாண்டிய மன்னன் ஒருவன் கண்பார்வையை இழந்து இங்கே திரும்பப் பெற்றான் என்பது வீரபாண்டிக் கோயில்களின் தலபுராணம். சித்தப்பா அம்மன் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ராத்திரி அந்த மானிட்டரின் 128 பைட்டையும் எடுத்துப் பார்த்தேன். கல்வெட்டுப் பக்கம் போனவர்களுக்கு இது பிடிக்கும். கல்வெட்டில் முதலில் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' வரும், பிறகு மெய்க்கீர்த்தி, அரசன் பெயர், ஆட்சியாண்டு. இடிஐடியிலும் முதல் 8 பைட் மாறாத மங்கலச் சொல் மாதிரிதான்: 00, நடுவில் ஆறு எஃப்எஃப், மறுபடி 00. அடுத்து தயாரித்தவர் பெயர் மூன்றெழுத்தில், அதுவும் இரண்டே பைட்டில் அமுக்கி வைத்தது. பிறகு தயாரித்த வாரம், வருடம். வருடத்தை நேராக எழுதுவதில்லை. 1990-இலிருந்து எத்தனையாவது ஆண்டு என்றுதான் இருக்கும், ஆட்சியாண்டு போலவே. சித்தப்பாவின் மானிட்டரில் 22 என்று இருந்தது, ஆக 2012. கடைசி பைட் கணக்குச் சரிபார்க்க. 128-ஐயும் கூட்டி 256-ஆல் வகுத்தால் மீதி வரக்கூடாது. வந்தால் ஓலை சிதைந்தது என்று அர்த்தம்.

மறுநாள் காலை சித்தப்பா போன் போட்டார். "தம்பி, ஒம்மேல தப்பில்லப்பா. எங்க அண்ணன் மகன் பண்ண கூத்து. வந்து காச வாங்கிட்டுப் போ."

அவர் வந்தபோது நானும் கடையில் இருந்தேன். வயரைக் காட்டினேன். வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, "12, 15 இல்லண்ணே" என்றார்.