பலாசியும் பிளாசியும்

கணக்கு ஆரம்பிப்பதற்காக ஒரு கட்டிடத் தொழிலாளி என் கவுண்டருக்கு வந்தார். வங்காளி. வயது இருபதைத் தாண்டியிருக்காது. அடையாள அட்டையில், நதியா ஜில்லா, பிளாசி என்று ஆங்கில எழுத்தில் இருந்தது. "பிளாசியா?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. அட்டையைத் திருப்பி அந்த வரியைக் காட்டினேன். "பொலாஷி, சார்" என்றார். நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, "ஊர் பேரு" என்று தமிழில் சேர்த்துக்கொண்டார்.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்த இரண்டு சொற்கள்தான். பிளாசி எனக்கு ஊராக அறிமுகமாகவில்லை. 1757 என்ற எண்ணோடும் போர் என்ற சொல்லோடும் ஒட்டிக்கொண்டே வந்தது. அங்கே மனிதர்கள் பிறப்பார்கள், அங்கிருந்து கலவை சுமக்க இவ்வளவு தூரம் வருவார்கள் என்பது என் பிரக்ஞையில் இல்லை. ஒரு பெயர் சரித்திரத்துக்குள் போகும்போது ஊரை வெளியே விட்டுவிட்டுப் போகிறது.

பெயரின் அர்த்தம் எளிமையானது. பலாசி என்பது பலாச மரத்திலிருந்து வந்தது. தமிழில் புரசு என்றும் சொல்கிறோம். புரசைவாக்கத்துக்குப் பெயர் தந்த மரம். அங்குள்ள கங்காதீசுவரர் கோயிலின் தலமரம். இலையெல்லாம் உதிர்ந்தபின், கோடையின் தொடக்கத்தில், தீப்பிடித்ததுபோல் பூக்கும். இங்கிலீஷ்காரனின் காதில் இந்தச் சொல் பிளாசி என்று விழுந்தது. அதில் மரமும் இல்லை, பூவும் இல்லை, வெறும் ஓசை. அந்த ஓசையைத்தான் நம் பாடப்புத்தகங்கள் வாங்கிக்கொண்டன. 1760இல் கூட்டும் லாலியும் மோதிய இடத்தை இங்கிலீஷ்காரன் வாண்டிவாஷ் என்று எழுதினான். நாம் வந்தவாசி என்றே சொல்கிறோம். காரணம், அந்த ஊருக்கு நாம் பஸ்ஸில் போயிருக்கிறோம். பலாசம் நம் அகராதியிலேயே இருந்தும் பலாசி நமக்கு பிளாசியாகத்தான் வந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1756 அக்டோபரில் கிளைவும் வாட்ஸனும் கப்பலேறியது சென்னையிலிருந்து. கூடப் போனவர்களில் இந்தக் கரையின் சிப்பாய்கள் பலர். புரசைத் தெரிந்தவர்கள் அவர்களில் நிச்சயம் இருந்திருப்பார்கள். ஆனால் ஊருக்குப் பெயர் சொல்லும் அதிகாரம் அவர்களிடம் இல்லை.

களத்துக்கும் பெயருக்கும் உள்ள சம்பந்தமும் விசித்திரமானது. 1757 ஜூன் 23 பலாசம் பூக்கும் காலமல்ல, மழைக்காலத்தின் ஆரம்பம். கம்பெனிப் படை ஒதுங்கி நின்றது மாந்தோப்பில். நடுப்பகலில் பெய்த மழையில் நவாபின் வெடிமருந்து நனைந்தது. கம்பெனிக்காரர்கள் தங்களுடையதை மூடி வைத்திருந்தார்கள். மீர் மதன் குண்டடிபட்டுச் செத்தார். மீர் ஜாபர் தம் படையோடு அசையாமல் நின்றார். கிளைவிடம் இருந்தவர்கள் சுமார் 3,000 பேர். அதில் செத்தவர்கள் இருபது பேருக்குச் சற்று அதிகம். கே. எம். பணிக்கர் இதைப் போர் என்பதைவிட ஒரு பேரம் என்றே கருதினார்.

பேரம் என்றால் என் உத்தியோகத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. கிளைவும் ஒரு குமாஸ்தாதான். 1744இல் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தவர். சதியில் தனக்கும் பங்கு வேண்டும், இல்லையென்றால் வெளியே சொல்லிவிடுவேன் என்று வியாபாரி அமீசந்த் மிரட்டியபோது, இரண்டு ஒப்பந்தங்கள் தயாராயின. வெள்ளைத் தாளில் உண்மையானது. சிவப்புத் தாளில், அமீசந்துக்குக் காட்டுவதற்கான பொய். சிவப்பில் கையெழுத்திட வாட்ஸன் மறுத்தார். அவர் கையெழுத்தை வேறொரு கை போட்டது. பதினைந்து வருஷம் கழித்துப் பாராளுமன்ற விசாரணையில் கிளைவ் இதற்காக வெட்கப்படவில்லை. தினமும் நூறு கையெழுத்துகளை மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவன் நான். பீரங்கியைவிட இந்தச் சிவப்புத் தாள்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. பலாசியில் அன்று இருந்த ஒரே பலாச நிறம் அதுதான் என்று எழுதிவிடலாம். அப்படி எழுதுவது சுலபம், அதனாலேயே சந்தேகத்துக்குரியது.

பிறகு பெயர் பிரயாணம் செய்தது. 1762இல் கிளைவ் பிளாசியின் பிரபு ஆனார். பட்டம் அயர்லாந்தைச் சேர்ந்தது. அங்கே லிமரிக் அருகே இருந்த தம் நிலத்துக்கும் அந்தப் பெயரையே வைத்தார். இன்று அது லிமரிக் பல்கலைக்கழக வளாகம். ஒரு பழைய மாளிகை இன்னும் பிளாசி என்ற பெயரோடு நிற்கிறது. அடிமைப்பட்ட ஒரு நாட்டின் மேல், தோற்ற இன்னொரு நாட்டு மரத்தின் பெயர்.

வங்காளியின் பிரயோகம் வேறு. நவீன் சந்திர சென் 1875இல் பலாசிப் போரைக் காவியமாக்கினார். மீர் ஜாபர் என்பது துரோகிக்கு மறுபெயராயிற்று. பிறந்த மகனுக்கு அந்தப் பெயரை வைக்க அங்கே தயங்குவார்கள். ஆக, ஒரே ஓசை ஒருவனுக்குப் பட்டம், ஒருவனுக்கு வசை, நமக்கு இரண்டு மார்க் கேள்வி. இந்த மூன்றிலும் ஊர் இல்லை.

களமும் பெரும்பாலும் இல்லை. பாகீரதி திசை மாறி அந்த நிலத்தில் பெரும்பகுதியையும் மாந்தோப்பையும் கொண்டுபோய்விட்டது. ஆறு அழித்ததைப் பெயர் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று சரித்திராசிரியர்கள் திருப்திப்படலாம். எதைக் காப்பாற்றியது என்பதுதான் என் கேள்வி.

அந்த இளைஞரிடம் ஊரில் பலாச மரம் இருக்கிறதா என்று கேட்டேன். கையால் ஏதோ உயரம் காட்டிச் சிரித்தார். வரிசையில் பின்னால் நின்றவர் முணுமுணுத்தார். விண்ணப்பத்தில் ஊர்ப் பெயரை நிரப்ப வேண்டியவன் நான். அட்டையில் உள்ளபடியே எழுத வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் கணக்கு நின்றுவிடும், அவர் வீட்டுக்குப் பணம் போகாது. பிளாசி என்று எழுதி, எதிரில் என் சுருக்கொப்பத்தை இட்டேன்.