கச்சையும் தோலுறையும்: மேற்கு மலை அடிவாரத்தில் ஆயுதம் தாங்கிய முறைகள்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே எழும் மலைத்தொடரில் யானை, கரடி, காட்டுமாடு, காட்டுப்பன்றி ஆகியவை இன்றும் நடமாடுவதால், செண்பகத்தோப்பு வழியாகவோ அய்யனார் கோவில் ஆற்றை ஒட்டியோ காட்டுக்குள் சென்றவர்கள் வெறுங்கையோடு போகும் வழக்கம் இருந்ததில்லை. எந்த ஆயுதத்தை எடுத்துச் சென்றார்கள் என்பதை வரலாற்று நூல்கள் ஓரளவு சொல்லுகின்றன. அதை உடம்பில் எங்கே, எதைக் கொண்டு கட்டினார்கள் என்பதைப் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. ஆனால் ஏறி இறங்கும் நடை, ஆயுதத்தின் எடை, அதை வைத்திருக்க யாருக்கு உரிமை உண்டு என்ற சட்டம் ஆகிய மூன்றும் ஒன்றுகூடும் இடம் இடுப்புதான்.

இப்பகுதியின் பழைய முறை கச்சை. பல முழ நீளமுள்ள பருத்தித் துணியை மடித்து இடுப்பில் இறுகச் சுற்றி, அதன் மடிப்புக்குள் குத்துவாளையோ பிச்சுவாவையோ செருகிக்கொள்வதே அம்முறை. மதுரைப் புதுமண்டபத்து நாயக்க மன்னர் சிலைகளின் இடுப்பில் செருகிய குத்துவாள் இதைக் கல்லிலேயே காட்டுகிறது. கச்சையில் செருகிய ஆயுதம் உடம்போடு ஒட்டிக்கிடக்கும். முட்புதருக்குள் குனிந்து நுழையும்போது கொடியில் மாட்டாது. பாறையைப் பற்றி ஏறும்போது தொடையில் இடிக்காது. இந்த வசதி இலேசான ஆயுதத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், பாளையக்காரர் படைகளின் ஏறத்தாழ 18 அடி நீள ஈட்டியும் திரி வைத்துச் சுடும் நீண்ட துப்பாக்கியும் கையிலோ தோளிலோதான் சென்றன. வளைந்த எறிகருவியான வளரியும் இலேசான ஆயுதமே. அதை எறியத் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் சிவகங்கையின் சின்ன மருது என்று கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் பின்னாளில் எழுதிவைத்தார்.

சேத்தூர், கொல்லங்கொண்டான், சிவகிரி போன்ற பாளையங்கள் இந்த அடிவாரத்தில் வரிசையாக இருந்தன. ராஜபாளையத்துக்குத் தெற்கே உள்ள வாசுதேவநல்லூர்க் கோட்டையை 1759-ஆம் ஆண்டின் இறுதியில் கம்பெனிப் படைத்தலைவர் யூசுப் கான் பீரங்கியோடு தாக்கியும் பாளையக்காரர் பூலித்தேவரின் ஆட்களிடமிருந்து பிடிக்க முடியாமல் திரும்பினார் என்பதிலிருந்து, ஊர்தோறும் ஆயுதம் இருந்த காலம் அது என்று தெரிகிறது. அந்தக் காலத்தை முடித்துவைத்தது 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம். பாளையக்காரர்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், கோட்டைகளை இடிக்க வேண்டும், அதற்கு ஈடாக நிலையான ஜமீன் உரிமை கிடைக்கும் என்பது அதன் சாரம். கச்சை அதன்பின் வேட்டியின் மேல் சுற்றும் துணியாக எஞ்சியது.

கச்சையால் தாங்க முடியாத ஆயுதம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. குண்டுகள் அடைத்த உருளை ஒவ்வொரு முறை சுடும்போதும் ஒரு கண் சுழலும் கைத்துப்பாக்கியே ரிவால்வர். பிரிட்டிஷ் படை 1887-இல் ஏற்ற வெப்ளி ரிவால்வரும், 1915-இல் வந்த அதன் ஆறாம் வகையும் கனமானவை. ஆறாம் வகை ஏறத்தாழ 1.1 கிலோ எடை கொண்டது. இந்த எடை ஒரே பக்கத்தில் தொங்கினால் துணிக்கட்டு நெகிழ்ந்து இறங்கிவிடும். அகலமான, விறைப்பான தோல் வார் வேண்டும். அதற்கான விடை இந்தியாவிலேயே பிறந்திருந்தது. 1858-இல் பிலிபித் அருகே நடந்த சண்டையில் இடது கையை இழந்த சாமுவேல் பிரௌன் என்ற குதிரைப்படை அதிகாரி, வாளுறையைப் பிடித்துக்கொள்ளக் கையில்லாததால், இடுப்பு வாரோடு தோளுக்குக் குறுக்கே செல்லும் வாரையும் இணைத்தார். அவ்வாறு இடுப்பின் சுமையைத் தோளும் பகிர்ந்துகொண்டது. ரிவால்வர் உறையையும் அதே அமைப்பில் மாட்ட முடிந்தது. காவல்துறை அதிகாரிகளின் மார்பில் தமிழ் மக்கள் கண்டு பழகிய குறுக்கு பெல்ட் இதுவே.

உறையைத் தேர்ந்தெடுப்பதில் நுட்பமான கணக்கு இருந்தது. படை உறைக்கு மேல் மூடி உண்டு. மழையும் தூசியும் உள்ளே போகாது, புதரில் உரசினாலும் ஆயுதம் நழுவாது, ஆனால் எடுக்க நேரமாகும். வெப்ளியின் பிடியடியில் உள்ள வளையத்தில் ஒரு கயிற்றைக் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டால், கை தவறினாலும் துப்பாக்கி பள்ளத்தில் விழாது. தோலைப் பொறுத்தவரை, சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் கப்பலேறிய சரக்கு. திண்டுக்கல் அதற்குப் பெயர்பெற்ற ஊர்களில் ஒன்று. மரப்பட்டையில் பதனிட்ட தோலுக்கு ஒரு குறை உண்டு. பித்தளைத் தோட்டாக்களை வாரின் கண்ணிகளிலேயே மாதக்கணக்கில் விட்டுவைத்தால், தோலில் எஞ்சிய அமிலமும் ஐப்பசி மழையின் ஈரமும் சேர்ந்து அவற்றின் மேல் பச்சைக் களிம்பு பூத்து, உருளையில் தோட்டா சிக்கிக்கொள்ளும். ஆகையால் உறையும் வாரும் காய்ந்த இடத்தில் தொங்க, துப்பாக்கியும் தோட்டாவும் தனியே இருக்க வேண்டும்.

இத்தனை ஏற்பாடும் அடிவாரத்து உழவருக்கு அயலானதாகவே இருந்திருக்கும். 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியர்களுக்கு விலக்களித்தது. தோப்பிலும் வயலிலும் பன்றியை எதிர்த்தவர்கள் நம்பியது வேல்கம்பையும், வெள்ளை மேனியும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட ராஜபாளையம் நாயையும்தான். நாய்கள் மறித்து நிறுத்திய பன்றியை நெருங்குபவருக்கு இரண்டு கையும் கம்பில் வேண்டும் என்பதால், இடுப்பிலிருந்து எதையும் உருவ அங்கே நேரமில்லை. பெரிய ரிவால்வர் குதிரையிலும் சாலையிலும் சென்ற அதிகாரியின் அடையாளமாகவே நின்றது. அது பயன்பட்டதைவிடப் பார்க்கப்பட்டதே அதிகம் என்று கருத இடமுண்டு. இதற்கு எதிர்முனையாக, 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட வாஞ்சிநாதன் பயன்படுத்தியது, பெரிய உறையும் வாரும் வேண்டாத பெல்ஜிய பிரௌனிங் கைத்துப்பாக்கி.

விடுதலைக்குப் பின் வந்த 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் நீண்ட துப்பாக்கியையே உழவருக்கு உரியதாகக் கண்டது; பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்து கிட்டிக்கும் துப்பாக்கியையும், தற்காப்புக்கும் விளையாட்டுக்கும் 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட, உட்புறம் வழுவழுப்பான துப்பாக்கியையும் அதன் 13-ஆம் பிரிவு குறிப்பிடுகிறது. பின்னர் 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது; 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலை சாம்பல் நிற அணில் சரணாலயமாகி, 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. உரிமம் பெற்றவர் பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறைக்குள், வெளியே தெரியாதபடி வைத்திருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் சொல்லுகின்றன. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுடும் பொறுப்பும் உழவரிடம் இல்லை. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழக அரசு வெளியிட்ட ஆணைப்படி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் மட்டுமே சுடலாம்.