வன்கண்ணன் யார்?

நீதிமொழிகள் 23:6, வன்கண்ணன் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆசைப்படாதே என்று எச்சரிக்கிறது. யார் இந்த வன்கண்ணன்? எங்க மணவாள நகர்ல கேட்டால் "கொள்ளிக்கண்ணுக்காரன்" என்று பதில் வரலாம். கடை வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் தொங்குகிற ஊரில் வேறென்ன தோன்றும்?

எபிரேய மூலத்தில் இருப்பது 'ரா அயின்'. நேர்ப்பொருள் கண் கெட்டவன். ஆனால் அடுத்த வசனத்தையும் படித்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். வாய் "சாப்பிடு, குடி" என்கிறது, மனசு விருந்தாளியோடு இல்லை. சுத்தக் கஞ்சன்! 28:22இல் பணக்காரனாகப் பறக்கிறவனும் இதே கண்காரன்தான். எதிர்ச்சொல் 22:9இல் இருக்கிறது: 'டோவ் அயின்', நல்ல கண். தன் சோற்றில் ஏழைக்குப் பங்கு கொடுப்பவன். தமிழில் அவன் 'கருணைக்கண்ணன்'.

உபாகமம் 15:9 இன்னும் தெளிவு. ஏழாம் வருஷம் வந்தால் கடன்கள் தள்ளுபடி. அது நெருங்கும்போது ஏழை ஒருவன் கடன் கேட்டு வருகிறான். "கொடுத்தால் திரும்பாதே" என்று கணக்குப் போட்டுக் கையை மூடிக்கொள்கிறான் பாருங்கள், அவன் கண்தான் கெட்ட கண். கண்ணேறு பற்றிய பேச்சே அங்கே இல்லை.

குழப்பம் நம்மோடு தொடங்கியதும் இல்லை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு நீதிமொழிகளில் போட்ட 'பாஸ்கானோஸ்' என்ற சொல்லுக்குப் பொறாமைக்காரன் என்றும் பொருள், கண் வைப்பவன் என்றும் பொருள்.

என் கணிப்பில், தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் கில்லாடிகள். ஹென்றி பவர் தலைமையில் 1871இல் வந்த திருத்தத்தை ஒட்டிய பழைய திருப்புதலில் இருப்பது 'வன்கண்ணன்'. வள்ளுவர் ஈகை அதிகாரத்தில் (குறள் 228), கொடுக்காமல் பொருளைச் சேர்த்து வைத்து இழப்பவர்களை 'வன்கணவர்' என்கிறார். அதே கண், அதே கஞ்சத்தனம்! (அமைச்சு அதிகாரத்தில், குறள் 632இல், 'வன்கண்' மனவுறுதியைக் குறிக்கும் நல்ல குணம். அது வேறு கதை.) வள்ளுவருக்கு எபிரேயம் தெரியுமா என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஈரமில்லாத மனசைக் கண்ணில் பார்ப்பது இரண்டு மொழிக்கும் பழக்கம், அவ்வளவுதான்.

மத்தேயு 20இல் கடைசி ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் முழுநாள் கூலி கிடைக்கிறது. காலையிலிருந்து உழைத்தவர்கள் முணுமுணுக்க, முதலாளி அவர்களில் ஒருவனிடம் கேட்கும் கேள்வியிலும் இதே சொல். அவன் யார் மேலும் திருஷ்டி போடவில்லை. அடுத்தவனுக்குக் கிடைத்தது அவனுக்குப் பொறுக்கவில்லை. இதைக் கண்ணேறாக வாசித்தால் பழி எங்கே போகும்? நம் ஊரில் கொள்ளிக்கண் என்ற பேர் பெரும்பாலும் விதவை மேல், பிள்ளையில்லாதவள் மேல்தானே விழுகிறது? வசனம் குற்றம் சாட்டுவதோ, இருந்தும் கொடுக்காதவனை.

யூத மிஷ்னா இந்தக் கண்ணை அளந்தே வைத்திருக்கிறது. விளைச்சலில் ஆசாரியருக்கு எடுத்து வைக்கும் பங்கு: நல்ல கண் என்றால் 40இல் 1, நடுத்தரம் 50இல் 1, கெட்ட கண் 60இல் 1.