மலையைச் சுற்றிப் போகும் சாலை

இராசபாளையத்தில் எந்தத் தெருமுனையில் நின்று மேற்கே நோக்கினும் மலை தெரியும். அம்மலைக்கு அப்பால் விரிந்து கிடக்கும் காடே பெரியாறு தேசியப் பூங்கா. பறவைக்கு அது பக்கத்து வீடு. நமக்கோ நேர்வழி இல்லை. விருதுநகர், மதுரை, தேனி என மூன்று மாவட்டங்களைக் கடந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றிக் குமுளியில் ஏற வேண்டும். நம் வட்டத்து அன்பர் சிலரோடு அவ்வழியே ஒருமுறை சென்று வந்தேன்.

திருவில்லிபுத்தூரின் 11 நிலைக் கோபுரத்தையும், நெடுங்காலம் நீதிமன்றமாக இயங்கிய திருமலை நாயக்கர் அரண்மனையையும் வெளியூரார்க்குக் காட்டியே பழகிய நாங்கள், வேனில் இருந்தபடியே கும்பிட்டு நகர்ந்தோம். உள்ளூர்க்காரர் குணம் அதுதானே! பேரையூர், உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய் எல்லாம் விரைந்து கழிந்தன.

சின்னமனூரில் நிறுத்தச் சொன்னபோது, "இங்கே என்ன சார் இருக்கு?" என்றார் ஓட்டுநர். அரிகேசரிநல்லூர் என்று பழம்பெயர் கொண்ட ஊர் அது. இங்குக் கிடைத்த இராசசிம்ம பாண்டியன் காலத்துப் பெரிய செப்பேடு, அவன் முன்னோரின் போர்களை வரிசைப்படுத்துகையில், மகாபாரதத்தைத் தமிழாக்கியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் வெற்றிகளோடு வெற்றியாக எண்ணிச் சொல்கிறது. சங்கம், சங்கம் என்று மேடைதோறும் முழங்கும் நாம், அதற்குச் செம்பில் கிடைத்த அரிய சான்று பிறந்த ஊரை வாழைத்தார் வாங்கவே அறிந்திருக்கிறோம். செப்பேடு இன்று அங்கில்லை. பூலாநந்தீசுவரர் கோயிலில் சிறிது நேரம் அமர்ந்திருந்தோம்.

அதன்பின் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்கள். மேற்கே ஓடி அரபிக் கடல் சேரும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாகுமா என்று 1789-இலேயே ஆராய்ந்தவர் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. செலவுக்கு அஞ்சி அம்முயற்சி நின்றது. 1886-இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை எழுதி, 1887-இல் பணி தொடங்கி, 1895-இல் அணையை முடித்தார் பென்னிகுவிக். மலையைக் குடைந்த சுரங்கவழியே வந்த நீரே இவ்வயல்களுக்கும் வைகைக்கும் உயிர். லோயர் கேம்பில் 2013-இல் திறக்கப்பட்ட அவர் மணிமண்டபத்தில் வணங்கினோம். வணங்கத்தக்கவரே. எனினும் அக்காட்டில் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் மாண்ட கூலியாட்களின் பெயர்களை யார் எழுதிவைத்தார்? நம் கவிஞர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பொருள் அது என்பது என் எண்ணம்.

குமுளிக்கு மேலே, எல்லை மலையில், மங்கலதேவி கண்ணகி கோட்டம் இருக்கிறது. பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1963-இல் அடையாளம் கண்டது. சித்திரை முழுநிலவன்றுதான் மக்களுக்கு வழி திறப்பர். நாங்கள் சென்றது வேறொரு நாளில். கீழிருந்தே நோக்கினோம்.

தேக்கடியில் படகேறியபோது முதலில் கண்ணிற் பட்டவை யானைகள் அல்ல, நீரில் நிற்கும் பட்டமரங்கள். அணை தேக்கிய நீரில் மூழ்கிய காட்டின் மிச்சம். நூறாண்டு கடந்தும் நிற்கின்றன. நீர்க்காகங்கள் அவற்றில் அமர்ந்து சிறகு உலர்த்துகின்றன. ஏரி மனிதன் செய்தது. அதைச் சூழ்ந்த காட்டில் 1934-இல் வேட்டை விலங்குக் காப்பகம், 1950-இல் சரணாலயம், 1978-இல் புலிகள் காப்பகம், 1982-இல் தேசியப் பூங்கா. நம் பக்கத்து மலையில் 1988-இல் சாம்பல் அணிலுக்கென அமைந்த சரணாலயமும், 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. புலிக்கு இருபுறமும் ஒரே காடுதான்.

இராசபாளையம் எத்திசை என்று படகோட்டியிடம் கேட்டோம். தென்கிழக்கே நீலமாய் நின்ற மலைவரிசையைக் கைநீட்டிக் காட்டினார். அதன் மறுபுறத்தைத்தான் நாங்கள் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.