ராத்திரி டூட்டியில் ஒரு நாற்காலி

தாராவியிலும் மாதுங்காவிலும் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் பி.எஸ்சி. நர்சிங் முடித்த பெண்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "அக்கா, சாதா எம்.எஸ்சி. பண்றதா, இல்ல அந்த நர்ஸ் பிராக்டிஷனர் கோர்ஸ்ல சேர்றதா?" நான் செம்பூரில் குடியிருந்துகொண்டு வருஷக்கணக்காக ஐ.சி.யூ.வில் வேலை பார்ப்பதால் என்னிடம் பதில் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. பதில் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் பழைய கதை பேசியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐ.சி.யூ. என்றதும் நமக்கு மெஷின் ஞாபகம்தான் வரும். ஆனால் அது மெஷினில் ஆரம்பித்த விஷயம் இல்லை. 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சுவிட முடியாமல் போனவர்களுக்கு மருத்துவ மாணவர்கள் ஷிஃப்ட் போட்டு உட்கார்ந்து, கையால் பையை அமுக்கி அமுக்கி மூச்சு கொடுத்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து டாக்டரின் யோசனை அது. ஒரு நோயாளி, பக்கத்தில் கண்ணை எடுக்காமல் ஒரு ஆள். அவ்வளவுதான் ஐ.சி.யூ. அப்புறம் வென்டிலேட்டர் வந்தது, மாணவர்கள் படிக்கப் போய்விட்டார்கள். அந்த ஆள் உட்கார்ந்த இடத்தில் நர்ஸ் வந்து உட்கார்ந்தாள்.

நம் ஊரில் தீவிர சிகிச்சை என்றதும் முதலில் சொல்லப்படும் பெயர் டாக்டர் பரூக் உத்வாடியா. ஜே.ஜே. மருத்துவமனையில் டெட்டனஸ் நோயாளிகளுக்கு அவர் செய்த வேலை பெரிய வேலை. டெட்டனஸ் நோயாளியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கதவு தட்டினால் உடம்பு வில்லாக வளையும், வெளிச்சம் பட்டால் வளையும். அரை இருட்டில், சத்தமில்லாமல், சளியை உறிஞ்சி எடுத்து, அடுத்த வலிப்பு வருவதற்கு முன்னால் முகம் மாறுவதைக் கண்டுபிடிக்க வேண்டும். இதை டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து செய்ய முடியாது, கூடவே இருப்பவர்தான் செய்ய முடியும். 1993-ல் ஐ.சி.யூ. டாக்டர்களுக்கான அகில இந்தியச் சங்கம் தொடங்கியதும் இதே மும்பையில்தான்.

சயான் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். 1947-ல் சின்னதாகத் தொடங்கியது, 1964-ல் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்தது. தாராவிக்காரர்களுக்கு ஆத்திர அவசரத்துக்கு அதுதான். 2006 ஜூலை 11-ல் மாதுங்கா ரோடு, மாஹிம் என்று வரிசையாக ரயில்களில் குண்டு வெடித்த அந்த மாலையில் காயம்பட்டவர்கள் வந்து இறங்கிய இடங்களில் சயானும் ஒன்று. அந்த மாதிரி ராத்திரிகளில் யாருக்கு முதலில் டாக்டர், யார் கொஞ்சம் தாங்குவார் என்று பார்க்கும் கண் நர்சுக்கும் வேண்டும். அதற்குத் தனிப் பட்டம் எதுவும் அப்போது கிடையாது.

அமெரிக்காவில் பட்டம் எப்படி வந்தது? 1965-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்சும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினார்கள். டாக்டர் போகாத இடத்துக் குழந்தைகளுக்காக. (ஃபோர்டு அம்மா 2025-ல் தன் 104-வது வயதில் காலமானார்.) அது ஆஸ்பத்திரிக்கு உள்ளே, தீவிர சிகிச்சைக்கு வந்து சேர முப்பது வருஷம் பிடித்தது. அதற்கான தேசிய அளவுத் தகுதித் தேர்வு 1995-ல்தான் வந்தது. 2003-ல் பயிற்சி டாக்டர்கள் வாரம் 80 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்று அங்கே விதி வந்ததும், ராத்திரி ஐ.சி.யூ.வில் நாற்காலிகள் காலியாயின. நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கு அங்கே தேவை கூடியது. திறமையைப் பாராட்டி யாரும் கூப்பிடவில்லை, ஆள் இல்லை என்பதால் கூப்பிட்டார்கள்!

இந்தியாவில் இந்திய நர்சிங் கவுன்சில் 2016 வாக்கில் இதைக் கொண்டுவந்தது. பெயர் நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிகல் கேர். இரண்டு வருஷ முதுகலைப் படிப்பு. பி.எஸ்சி. நர்சிங்கும், ஒரு வருஷ வேலை அனுபவமும் வேண்டும், ஐ.சி.யூ. அனுபவமாக இருந்தால் நல்லது. வகுப்பறை ஐந்தில் ஒரு பங்குதான், மிச்சமெல்லாம் வார்டில் ரெசிடென்சி. நோய்க்கூறு, மருந்தியல், உடல் பரிசோதனை மூன்றையும் ஆழமாக நடத்துகிறார்கள். பாடத்திட்டத்தைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. வருஷக்கணக்கில் அடிபட்டுக் கற்றது ஒழுங்காக எழுதிவைத்த மாதிரி இருக்கிறது.

சிக்கல் படிப்பில் இல்லை. நாற்காலியில் இருக்கிறது.

நம் அரசு மருத்துவமனைகளில் ராத்திரியைச் சுமப்பவர்கள் ரெசிடென்ட் டாக்டர்கள். 80 மணி நேரக் கணக்கை அவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். தனியார் ஆஸ்பத்திரிகளிலோ அந்த நாற்காலியில் வெகுகாலமாக வேறு ஆள். ஆர்.எம்.ஓ. என்ற பெயரில் ஆயுர்வேதம், ஹோமியோபதி படித்தவர்கள் ஐ.சி.யூ. டூட்டி பார்ப்பது மும்பையில் ஊரறிந்த விஷயம். 2014-ல் மகாராஷ்டிர அரசு சட்டத்தைத் திருத்தி, ஒரு வருஷ மருந்தியல் படிப்பு முடித்த ஹோமியோபதி டாக்டர்கள் அலோபதி மருந்து எழுதலாம் என்று வழியும் செய்தது. அவர்களைக் குறை சொல்லவில்லை, பலர் நல்ல உழைப்பாளிகள். ஆனால் வென்டிலேட்டர் பக்கத்திலேயே வருஷக்கணக்கில் நின்ற நர்சுக்கு மேற்படிப்பு கொடுத்துவிட்டு, மருந்துச் சீட்டு எழுதும் உரிமையை மட்டும் கொடுக்காதது எந்தக் கணக்கு? ஆஸ்பத்திரி முன்கூட்டி எழுதிவைத்த வழிமுறைக்குள் மருந்து கொடுக்கலாம், பரிசோதனை கேட்கலாம் என்பதுதான் கவுன்சில் விதித்த எல்லை. 2017 தேசிய சுகாதாரக் கொள்கையும் நர்ஸ் பிராக்டிஷனர் வேண்டும் என்றது. 1947 நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் நாடாளுமன்றம் புதுச் சட்டமும் நிறைவேற்றிவிட்டது. ஆனால் போஸ்டிங் டெல்லியில் பிறப்பதில்லை. மாநிலமும் மாநகராட்சியும் ஆஸ்பத்திரி நிர்வாகமும்தான் உருவாக்க வேண்டும்.

ஆகவே தங்கைகளே, படிக்க ஆசை இருந்தால் சேருங்கள். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தக் கல்லூரியின் ஆஸ்பத்திரியில் மூன்று விஷயம் கேளுங்கள். போன பேட்ச் முடித்தவர்கள் இப்போது என்ன பதவியில் இருக்கிறார்கள், பழையபடி ஸ்டாஃப் நர்சா? நர்ஸ் பிராக்டிஷனருக்கான எழுத்துமூல வழிமுறை அங்கே இருக்கிறதா, இருந்தால் கண்ணில் காட்டுவார்களா? ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவருக்கு பி.பி. விழுந்தால், அந்த வழிமுறைப்படி முதல் மருந்தை யார் தொடங்கலாம்?

மூன்றாவது கேள்விக்கு அவர்கள் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்று பாருங்கள்.