வறட்சி ஆண்டில் நோய்: பிரிந்து நிற்கும் நிவாரணங்கள்

2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. பயிர்ச்சேதம் ஏக்கர்க் கணக்கில் அளக்கப்பட்டது. நிவாரணமும் அப்படியே வந்தது. அந்த ஆண்டில் பயிரையும் இழந்து, நோயாளியையும் வைத்துக்கொண்டிருந்த வீடு அக்கணக்கில் தனியாகத் தெரியவில்லை. வறட்சி வருவாய்த் துறைக்கு, நோய் சுகாதாரத் துறைக்கு என்ற பிரிவினையே நம் நிவாரண முறையின் அடிப்படைக் குறை என்பது என் வாதம்.

துறைகள் இரண்டானாலும் குடும்பத்தின் கையிருப்பு ஒன்றே: கொஞ்சம் நகை, ஓரிரு மாடு, உறவிலும் தெருவிலும் புரட்டக்கூடிய கைமாற்று. தென்னிந்திய, மேற்கிந்திய மானாவாரிக் கிராமங்களின் தரவுகளை ஆராய்ந்த ராபர்ட் டவுன்சென்ட் (1994), ஒரு வீட்டின் தனிப்பட்ட இழப்பைக் கிராமம் பெருமளவு தாங்கிக்கொள்கிறது என்று காட்டினார். ஒரு கிராமத்தில் நிலமற்றோருக்கு அந்தத் தாங்கல் குறைவு என்பதையும் சேர்த்தே சொன்னார். இந்தோனேசியக் குடும்பங்களை ஆராய்ந்த கெர்ட்லரும் குரூபரும் (2002), சிறு நோயைச் சமாளிக்கும் குடும்பங்கள் உழைப்பை முடக்கும் கடும் நோயில் சரிவதைக் கண்டனர். இவ்விரண்டையும் வறட்சி ஆண்டில் பொருத்திப் பார்க்க வேண்டும். கைமாற்று தரக்கூடிய பக்கத்து வீடும் அப்போது வறண்டிருக்கிறது. தீவனமில்லாமல் எல்லோரும் மாட்டைச் சந்தைக்கு ஓட்டுவதால் விலை விழுகிறது. நகை ஏற்கெனவே விதைக்கும் உரத்துக்கும் அடகில் இருக்கிறது. சாதாரண ஆண்டில் கடந்துவிடக்கூடிய நோய், இந்த ஆண்டில் நிலத்தையே விற்க வைக்கிறது.

அரசுத் திட்டங்கள் இந்தச் சந்திப்பில்தான் கைவிடுகின்றன. 2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம் 100 நாள் வேலை தந்தது. வறட்சிப் பகுதிகளில் கூடுதலாக 50 நாள். ஆனால் மண் வெட்டத் திராணியுள்ள உடலை அது கேட்டது. படுத்திருப்பவருக்கும், அவரை விட்டு நகர முடியாத மனைவிக்கும் அந்த நாள்கள் ஏட்டளவிலேயே இருந்தன. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்கானது. பேருந்துச் செலவும் துணைக்கு இருப்பவரின் இழந்த கூலியும் அதில் சேரா. குத்தகைக்காரர் நிலை இன்னும் மோசம்: பயிர் நிவாரணம் கேட்கப் பட்டா அவர் பெயரில் இல்லை.

எத்தியோப்பியா 2005இல் தொடங்கிய பாதுகாப்பு வலைத் திட்டம் உழைக்க முடியாதோரின் சிக்கலை நேராக எதிர்கொண்டது. உழைக்கக்கூடியவர்களுக்குப் பொதுப்பணி, உழைக்க ஆளில்லாத வீடுகளுக்கு வேலை கேட்காமலே உதவி. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பின்னர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு இரண்டாம் பிரிவுக்கு மாற்றப்பட்டனர். அந்நாட்டின் வறுமையை வைத்து இதை ஒதுக்கிவிட முடியாது. நம்மிடம் நிர்வாகமும் நிதியும் அதைவிட அதிகம்.

இங்கேயும் வறட்சி அறிவிப்பே மருத்துவ உதவிக்கும் தூண்டுகோலாக வேண்டும். அறிவிப்பு வந்த நாளிலிருந்து, கிராமச் செவிலியர் நோயை உறுதிசெய்த வீட்டுக்கு வேலை நாள்களின் கூலி உழைப்பின்றியே வழங்கப்பட வேண்டும். கூட்டுறவு சங்கங்களில் அந்த வீட்டு நகைகளின் ஏலம் அடுத்த அறுவடை வரை நிறுத்தப்பட வேண்டும். பொய்ச் சான்றுகள் பெருகும் என்ற அச்சம் நியாயமானது. கிராம சபையில் பட்டியலை வாசித்தால் அதைப் பெரிதும் கட்டுப்படுத்தலாம். ஆனால் நோயின் பெயரை அங்கே சொல்லக்கூடாது; சொன்னால் காசநோயாளியோ எச்.ஐ.வி. பாதித்தவரோ உதவிக்கு வரவே தயங்குவார்.